செத்தவர் பெயரை வாங்கிய ஊர்: ஜிம் தோர்ப், பென்சில்வேனியா. நிஜமா?

ஊர்சுற்றி | சனி இரவு 10:42

இலை நிறம் மாறுவதைப் பார்க்கணும்னு வீட்டில் மூன்று வாரமாக நச்சரிப்பு. இன்று காலை நியூ ஜெர்சி எடிசனிலிருந்து கிளம்பிவிட்டோம். ஒன்றரை மணி நேரம் என்றது மேப். கடைசி இரண்டு மைலுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது, அது வேறு கதை.

ஊர் பெயர் ஜிம் தோர்ப். லீஹை ஆறு மலைகளுக்கு நடுவே நெளிந்து ஓடுகிற இடத்தில், இடுக்கில் செருகி வைத்த மாதிரி இருக்கிறது. பிராட்வே என்று ஒரு பெரிய தெரு, அதுவும் மலையிடுக்கில் ஏறிக்கொண்டே போகிறது. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு காபிக் கடையில் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் பின்பக்கம் போனேன், ஜன்னலைத் திறந்தால் ஒரு முழம் தள்ளிப் பாறை. அவ்வளவுதான் கொல்லைப்புறம்.

திரும்பும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் 903-ஆம் எண் சாலையோரம் சிவப்புக் கருங்கல்லில் ஜிம் தோர்ப் என்றே பெயருள்ள ஒருவரின் சமாதி பார்த்தோம். பக்கத்தில் சிலை. "ஐயா, உலகத்திலேயே தலைசிறந்த விளையாட்டு வீரர் நீங்கள்தான்" என்று ஸ்வீடன் மன்னர் சொன்னது கல்லில் வெட்டியிருக்கிறது. என் பையன் கேட்டான்: "அப்பா, இவர் வீடு எந்தத் தெருவில்?" நல்ல கேள்விதானே என்று போனை எடுத்துத் தேடினால், மனிதர் பிறந்தது ஓக்லஹோமா, செத்தது கலிஃபோர்னியா. உயிரோடு இந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லையாம். உடலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஊர் பெயரையே மாற்றிவிட்டார்களாம்.

இது நிஜமா? ஒரு ஊர் எப்படி ஒருத்தர் உடலை 'வாங்கும்'? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கரித்துண்டு | சனி இரவு 11:35

நிஜம்தான் தம்பி. ஆனால் நடுவில் ஆரம்பித்தால் விளங்காது. நான் ஆலன்டவுனில் இருபது வருஷமாக இருக்கிறேன், அந்த ஊருக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போய் கூட்டிப்போய் இந்தக் கதை எனக்கு மனப்பாடம்.

1954 வரை அந்த ஊரின் பெயர் மாக் சங்க். அந்தப் பகுதிப் பழங்குடிகளான லெனாப்பே மக்களின் மொழியில் கரடி மலை. ஆற்றுக்கு அக்கரையில் நிற்கும் மலை, கரடி படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும்.

1791-ல் பிலிப் கின்டர் என்கிற ஆள், ஊருக்கு மேற்கே ஒன்பது மைல் தள்ளி இப்போது சம்மிட் ஹில் இருக்கும் மலைமுகட்டில் ஒரு கருப்புக் கல்லைக் கண்டெடுத்தார். ஆந்த்ரசைட். சாதாரண நிலக்கரி மாதிரி கையில் ஒட்டாது, பளபளவென்று இருக்கும், லேசில் பற்றாது. பற்றிவிட்டால் புகையே இல்லாமல் மணிக்கணக்கில் எரியும். அந்தப் 'பற்றிவிட்டால்'தான் சிக்கல். முப்பது வருஷம் வரைக்கும் அதை வாங்க ஆளில்லை. கல் எரியாது என்றுதான் ஊர் உலகம் நினைத்தது.

1812 போர் சமயத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் கடலை மறித்ததால் பிலடெல்பியா பட்டறைகளுக்கு நிலக்கரி வரத்து நின்றது. ஸ்கூல்கில் ஆற்றங்கரையில் கம்பி இழுக்கும் பட்டறை வைத்திருந்தவர்கள் ஜோசையா வைட், எர்ஸ்கின் ஹசார்ட் என்று இரண்டு பேர். வேறு வழியில்லாமல் இந்தக் கல்லை வாங்கி உலையில் போட்டுக் கிளறு கிளறென்று கிளறினார்கள். பற்றவில்லை. வெறுத்துப்போய் உலைக் கதவைச் சாத்திவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தர் சட்டையை மறந்துவிட்டோமே என்று திரும்பி வந்து பார்த்தால், உலைக் கதவே சிவந்து கிடக்கிறதாம். கிளறாமல் விட்டதுதான் ரகசியம். இந்தக் கதையில் எவ்வளவு கைச்சரக்கு சேர்ந்ததோ, ஆனால் ஆந்த்ரசைட் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் இன்றைக்கும் சொல்வது அதுதான்: கிளறாதே.

அந்த இரண்டு பேரும்தான் 1818-ல் லீஹை ஆற்றைப் படகு போகிற மாதிரி சீர்செய்ய மாநிலச் சட்டமன்றத்திடம் அனுமதி வாங்கினார்கள். உங்களை நீங்களே அழித்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறோம் என்று உறுப்பினர்கள் கேலி பேசினார்களாம். ஊர் பிறந்தது அப்போதுதான். முதலில் அது கம்பெனி ஊர். நிலம், கடை, வீடு எல்லாம் லீஹை கோல் அண்ட் நேவிகேஷன் கம்பெனியுடையது.

ஆற்றில் தண்ணீர் போதாது. வைட் என்ன செய்தார் தெரியுமா? ஆற்றை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, படகுகள் தயாரானதும் மதகைச் சாய்த்து ஒரு செயற்கை வெள்ளத்தை விட்டார். வெள்ளத்தோடு படகும் போகும். அந்த மதகை முதலில் மாக் சங்க் ஓடையில்தான் கட்டிப் பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் "என்ன கட்டுறீங்க, என்ன கட்டுறீங்க" என்று தொல்லை பண்ண, வேலைக்காரர்கள் கடுப்பில் "கரடிப் பொறி" என்று சொல்லிவைத்தார்கள். பொறியியல் புத்தகத்தில் இன்றைக்கும் அந்த மதகுக்குப் பெயர் கரடிப் பொறிதான்.

படகு என்றால் பெரிய படகு இல்லை, பலகைப் பெட்டி. ஒன்றோடொன்று கீல் போட்டு மாட்டி, பாம்பு மாதிரி மிதக்கவிடுவார்கள். ஒரு வழிப் பயணம். பிலடெல்பியா போனதும் கரியை இறக்கிவிட்டுப் பெட்டியை உடைத்துப் பலகையை விற்றுவிடுவார்கள். கீல் ஆணியெல்லாம் மட்டும் திரும்பி வரும். ஆட்கள் நடந்து வருவார்கள். இப்படிக் காட்டை வெட்டி வெட்டி அனுப்பினால் தாங்குமா? 1829-ல் ஈஸ்டன் வரைக்கும் 46 மைலுக்கு இருவழிக் கால்வாய் வந்த பிறகுதான் அது நின்றது.

தூக்கம் வருகிறது. மீதி நாளை.


நெல்லிக்காய் | ஞாயிறு காலை 7:10

அண்ணா, அவர் உடலைப் பற்றிக் கேட்டார். நீங்க உலைக் கதவைச் சாத்திட்டுத் தூங்கப் போய்ட்டீங்க 😄


தண்டவாளம் | ஞாயிறு காலை 8:25

கரித்துண்டு சார் முக்கியமானதை விட்டுட்டார். மலை உச்சியில் தோண்டின கரி ஒன்பது மைல் தாண்டி ஆற்றுக்கு எப்படி வந்தது?

1827-ல் தண்டவாளம் போட்டாங்க. அமெரிக்காவின் மிகப் பழைய ரயில் பாதைகளில் ஒன்று. அதில் எஞ்சின் கிடையாது! சம்மிட் ஹில்லிலிருந்து மாக் சங்க் வரை முழுக்க இறக்கம். பெட்டியில் கரியை நிரப்பி விட்டால் தானாகவே ஓடி வரும், பிரேக் பிடிக்க ஒரு ஆள் போதும். கீழே வர அரை மணி நேரம் சொச்சம். காலிப் பெட்டியைத் திரும்ப மேலே இழுக்கக் கோவேறு கழுதைகள், அதுக்கு மூணு நாலு மணி நேரம்.

சரி, மேலே போன கழுதை மறுபடி எப்படிக் கீழே வரும்? அதையும் ஒரு பெட்டியில் ஏத்தி, தீவனம் போட்டு, கரி வண்டிக்குப் பின்னாடியே உருட்டி விட்டாங்க. கழுதைங்க காற்று வாங்கிக்கிட்டு, வைக்கோலை மென்னுக்கிட்டு ஜம்முனு இறங்கும். இதில் பெரிய தமாஷ் என்னன்னா, ஒருதரம் சவாரி ருசி கண்ட கழுதை அப்புறம் கீழ்நோக்கி ஒரு அடி நடக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுதாம். அடிச்சாலும் நடக்காதாம்.

1840-களின் நடுவில் திரும்பும் பாதை ஒன்றைத் தனியாப் போட்டு, மவுன்ட் பிஸ்கா, மவுன்ட் ஜெஃபர்சன் ரெண்டு மலை உச்சியிலும் நீராவி எஞ்சின் வச்சு, காலிப் பெட்டியைச் சரிவில் இழுத்து ஏத்தினாங்க. பிஸ்கா சரிவு மட்டுமே 600 அடிக்கு மேல ஏத்தம். கழுதைக்கு வேலை போச்சு. 1872-ல் மலையைக் குடைந்து சுரங்கப் பாதை திறந்ததும் கரிக்கே இந்தப் பாதை தேவைப்படலை. மூடிட்டுப் போயிருப்பாங்கன்னு நினைப்பீங்க. இல்லை. டிக்கெட் போட்டுட்டாங்க! ஜனம் கூட்டம் கூட்டமா வந்து கரி வண்டிப் பாதையில் விர்ருனு உருண்டுச்சு. அறுபது வருஷம் ஓடுச்சு. ஊருக்கு 'அமெரிக்காவின் சுவிட்சர்லாந்து'னு பட்டம். 1884-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் வந்த சவாரி வண்டிக்கு, அதாவது இன்றைய ரோலர் கோஸ்டருக்கு, இதுதான் முன்னோடி. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் நின்று, 1937-ல் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுட்டாங்க. அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் வயிறு எரியும். பாதை மட்டும் நடைபாதையா மிச்சம் இருக்கு, நான் நடந்திருக்கேன்.


கரித்துண்டு | ஞாயிறு மதியம் 1:15

கழுதையை எப்படி மறந்தேன்! நன்றி. இப்போது நெல்லிக்காய் கேட்ட உடல்.

1950-களின் தொடக்கம். வீடுகளில் எண்ணெயும் எரிவாயுவும் வந்து ஆந்த்ரசைட் வியாபாரம் படுத்துவிட்டது. கால்வாய் போச்சு, சவாரி ரயில் போச்சு. ஆற்றுக்கு இந்தக் கரையில் மாக் சங்க், அந்தக் கரையில் ஈஸ்ட் மாக் சங்க் என்று இரண்டு தனித்தனி ஊராட்சி. இரண்டும் நொடித்துப்போய் உட்கார்ந்திருந்தன. உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஜோ பாயில் ஒரு யோசனை சொன்னார்: ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஐந்து சென்ட் போடுங்கள், சேர்த்துத் தொழிற்சாலை கொண்டுவருவோம். ஐந்து சென்ட், தம்பி. அந்தச் சில்லறையை வைத்துத்தான் ஒரு ஊர் எழுந்திருக்கப் பார்த்தது.

ஜிம் தோர்ப் 1953 மார்ச் 28-ல் இறந்தார். சாக் அண்ட் பாக்ஸ் பழங்குடி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டி), டெகாத்லான் (பத்துப் போட்டி) இரண்டிலும் தங்கம் வாங்கியவர். அதற்கு முன் கோடை விடுமுறையில் சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று சொல்லி அடுத்த வருஷமே பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள், காசுக்கு ஆடியவருக்கு அப்போது ஒலிம்பிக்கில் இடமில்லை. ஓக்லஹோமாவில் அவருக்கு நினைவிடம் கட்ட முயற்சி நடந்தது, ஆளுநர் பணம் தர மறுத்துவிட்டார். மூன்றாவது மனைவி பட்ரீஷியா பிலடெல்பியா வந்திருந்தபோது இந்த ஐந்து சென்ட் கதை காதில் விழுந்தது. ஊர்க்காரர்களைப் போய்ப் பார்த்தார். நினைவிடம் கட்டி அவர் பெயரை ஊருக்கு வையுங்கள், உடலைத் தருகிறேன் என்றார். 1954-ல் வாக்கெடுப்பு. இரண்டு ஊரும் பெருவாரியாகச் சம்மதித்தன. இரண்டும் ஒன்றாகி ஜிம் தோர்ப் ஆனது. ஓக்லஹோமாவிலிருந்தும் ஸ்டாக்ஹோம் மைதானத்திலிருந்தும் மண் கொண்டுவந்து போட்டு, 1957-ல் நீங்கள் பார்த்த அந்தச் சமாதியில் வைத்தார்கள்.

ஊருக்கு என்ன கிடைக்கும் என்று நம்பினார்கள் தெரியுமா? அவர் பெயரில் ஒரு மருத்துவமனை, அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கான புகழ் மண்டபம். அந்த ஆட்டத்தின் லீக், இன்றைய என்.எஃப்.எல்., 1920-ல் ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவர் தோர்ப்தானே, நமக்குத்தான் வரும் என்று நம்பினார்கள். மண்டபம் ஓஹையோவில் கேன்டனுக்குப் போனது. மருத்துவமனையும் வரவில்லை. 1960-களில் பழைய பெயருக்கே போய்விடலாம் என்று மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள், அது தோற்றது.


கடுகு | ஞாயிறு மதியம் 2:40

நீங்க எல்லாரும் ஊர் பாவம் ஊர் பாவம்னு சொல்றீங்க. அந்தக் குடும்பம்? ஓக்லஹோமாவில் அவருக்கு அவங்க குல வழக்கப்படி இறுதிச் சடங்கு நடந்துக்கிட்டிருக்கு. அந்த நேரத்தில் அந்தப் பட்ரீஷியா அம்மா சவ ஊர்தியோட, காவல்துறை ஆட்களோட வந்து உடலைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சடங்கு பாதியில் நின்றது. பாதிச் சடங்கில் பெட்டியை எடுத்துட்டுப் போனா நம்ம வீட்டில் விட்டுடுவோமா? இதுக்குப் பேரு ஒப்பந்தமா? பிள்ளைங்க யார்கிட்டயும் கேட்கலை.


ஊர்சுற்றி | ஞாயிறு மதியம் 2:58

எனக்கும் இதுதான் உறுத்துகிறது. பிள்ளைகள் வழக்குப் போடவில்லையா?


வக்கீல்வீட்டுப்பிள்ளை | ஞாயிறு இரவு 9:20

போட்டாங்க. படிக்கப் படிக்கச் சுவையான வழக்கு, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

1990-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பழங்குடி மக்களின் எலும்புகளையும் புனிதப் பொருட்களையும் அருங்காட்சியகங்கள் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தன, அதையெல்லாம் உரியவர்களிடம் திருப்பிக் கொடு என்பது சாரம். அதில் 'அருங்காட்சியகம்' என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: கூட்டரசுப் பணம் வாங்குகிற, இப்படிப்பட்ட பொருளைக் கையில் வைத்திருக்கிற எந்த நிறுவனமும், உள்ளாட்சி அமைப்பும் அருங்காட்சியகமே.

2010-ல் தோர்ப்பின் மகன் ஜாக் வழக்குப் போட்டார். ஜிம் தோர்ப் ஊராட்சி கூட்டரசுப் பணம் வாங்குகிறது, எங்கள் அப்பா உடலைக் கையில் வைத்திருக்கிறது, ஆகவே சட்டப்படி அந்த ஊரே ஒரு அருங்காட்சியகம், அப்பாவைத் திருப்பிக் கொடு! ஜாக் 2011-ல் இறந்துபோனார். சகோதரர்கள் இருவரும் சாக் அண்ட் பாக்ஸ் குலமும் வழக்கைத் தொடர்ந்தார்கள். 2013-ல் மாவட்ட நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆமாம், ஊர் அருங்காட்சியகம்தான் என்று தீர்ப்பு.

2014 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது. எழுத்தைப் பிடித்துத் தொங்கினால் அபத்தத்தில் போய் முடியும். மனைவி முறைப்படி அடக்கம் செய்த உடல் யாருக்கு என்ற குடும்பச் சண்டையைத் தீர்க்க நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைப் போடவில்லை என்றார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. முடிந்தது.

கடுகு, ஒரு விஷயம். பிள்ளைகள் எல்லாரும் ஒரே பக்கம் இல்லை. மகள் வழிப் பேரன்கள் இரண்டு பேர், தாத்தா அங்கேயே இருக்கட்டும் என்று ஊர் பக்கம் நின்றார்கள்.

என் சொந்தக் கருத்து: மேல் நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரி. கீழ் நீதிமன்றத்துத் தீர்ப்பைப் படித்தபோதுதான் மனசு ஆறியது.


கடுகு | ஞாயிறு இரவு 9:41

பேரன்கள் விஷயம் தெரியாது, தெரிந்துகொண்டேன். ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கு. சடங்கைப் பாதியில் நிறுத்தினதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலையே.


யாழ்ப்பாணத்தான் | திங்கள் காலை 6:05

அண்ணை, ரொறொன்ரோவில இருந்து நாங்களும் ஒருக்கா போனனாங்கள். எனக்கு ஒரு சின்ன விளக்கம் வேணும். உதை 'பரோ' எண்டு சொல்லுகினம். நியூயோர்க்கில புரூக்ளினும் பரோதானே, இருபத்தைஞ்சு லட்சம் சனம் இருக்கிற இடம். இஞ்ச நாலாயிரத்துச் சொச்சம் பேர். ரெண்டும் எப்பிடி ஒண்டாகும்?


வக்கீல்வீட்டுப்பிள்ளை | திங்கள் காலை 8:50

ஒன்றில்லை. சொல் ஒன்று, பொருள் வேறு. நியூயார்க்கில் பரோ என்பது மாநகரத்தின் ஒரு பகுதி. அலாஸ்காவில் பரோ என்றால் ஏறக்குறைய மாவட்டம். பென்சில்வேனியாவில் அது ஒரு சிற்றூருக்கான உள்ளாட்சி, தனி மன்றம், தனி மேயர். நம்ம ஊர்ப் பேரூராட்சி என்று வைத்துக்கொண்டால் பாதி சரி. மாநிலம் முழுக்கத் தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கு. மேயருக்கு அதிகாரம் சொற்பம், ஆனால் உள்ளூர்க் காவல்துறை அவர் பொறுப்பு. மாக் சங்க் 1850-ல் பரோ ஆனது, ஈஸ்ட் மாக் சங்க் 1854-ல். 2020 கணக்கெடுப்பில் சேர்ந்து 4,507 பேர். இத்தனூண்டு ஊர்தான் கார்பன் மாவட்டத்தின் தலைநகரம். அதனால்தான் நீதிமன்றம், சிறை எல்லாம் அங்கே.


நெல்லிக்காய் | திங்கள் காலை 9:30

மாவட்டத்துக்கே கரின்னு பேர் வச்சிருக்காங்க பாருங்க.

சிறைன்னதும் ஞாபகம் வந்தது. ஊர்சுற்றி, பழைய சிறைக்குள் போனீங்களா? 17-ஆம் எண் கொட்டடியில் சுவரில் ஒரு கைத்தடம் இருக்கு. தூக்குக்குப் போன ஒருத்தர், நான் குற்றமற்றவன், அதுக்கு இந்தக் கை சாட்சின்னு சுவரில் அறைஞ்சாராம். சுவரைச் சுரண்டினாங்க, காரையைப் பெயர்த்துப் புதுசாப் பூசினாங்க, திரும்பத் திரும்ப வருதுன்னு சொல்றாங்க. நான் பார்த்தேன். புல்லரிச்சது.


தண்டவாளம் | திங்கள் காலை 10:12

நானும் பார்த்தேன். எனக்குப் புல் அரிக்கலை, டிக்கெட் காசுதான் அரிச்சது. அழுக்குக் கறை மாதிரிதான் இருந்தது.


கரித்துண்டு | திங்கள் மாலை 6:40

கை வருகிறதோ இல்லையோ, அந்தக் கொட்டடிக்குப் பின்னால் இருக்கும் கதை கைத்தடத்தைவிடப் பயங்கரம்.

1870-கள். சுரங்கங்களில் ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர்கள். கூலி வெட்டு, சாவு, வேலைநிறுத்தம். மேற்பார்வையாளர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். மாலி மக்வயர்ஸ் என்ற ரகசியக் கூட்டம்தான் காரணம் என்று ஒரு ரயில்வே கம்பெனியின் தலைவர் பிராங்க்ளின் கோவன் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்திலிருந்து ஜேம்ஸ் மக்பார்லன் என்ற உளவாளியை உள்ளே விட்டார். பிறகு கைதுகள். 1877 ஜூன் 21 அன்று ஒரே நாளில் பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள்: பாட்ஸ்வில்லில் ஆறு, மாக் சங்க்கில் நான்கு. அலெக்சாண்டர் கேம்ப்பெல், மைக்கேல் டாய்ல், எட்வர்ட் கெல்லி, ஜான் டோனஹ்யூ. அடுத்த இரண்டு வருஷத்தில் இதே ஊரில் இன்னும் மூன்று பேர்.

விசாரணை எப்படி நடந்தது என்று கேளுங்கள். மாக் சங்க்கில் அரசுத் தரப்பில் வாதாடிய சார்லஸ் ஆல்பிரைட் நிலக்கரிக் கம்பெனியின் வக்கீல். உள்நாட்டுப் போர்த் தளபதிச் சீருடையில், இடுப்பில் வாளோடு நீதிமன்றத்துக்கு வந்தார். ஜூரியில் ஐரிஷ் கத்தோலிக்கர் ஒருத்தர்கூட இல்லை. ஜெர்மன் வம்சாவளிக்காரர்கள் இருந்தார்கள், அதில் சிலருக்கு ஆங்கிலமே சரியாகத் தெரியாது. கைது செய்தது தனியார் போலீஸ், துப்பறிந்தது தனியார் நிறுவனம், வாதாடியது கம்பெனி வக்கீல். அரசு கொடுத்தது நீதிமன்ற அறையும் தூக்குமரமும் மட்டும்தான் என்று அதே மாவட்டத்தில் பின்னாளில் இருந்த ஒரு நீதிபதி எழுதினார். தலைவன் என்று சொல்லித் தூக்கிலிட்ட ஜாக் கெஹோவுக்கு 1979-ல் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார், நூறு வருஷம் கழித்து.

எல்லாரும் அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. கொலைகள் நடந்தன. ஆனால் அது விசாரணை இல்லை.

அந்தச் சிறை அருங்காட்சியகம் ஆனது சமீபத்தில்தான், தெரியுமோ? 1995 வரைக்கும் அதில் கைதிகள் இருந்தார்கள்.


ஊர்சுற்றி | திங்கள் இரவு 10:05

ஐயோ, அந்தச் சிறை வாசலில்தான் நின்று பையனோடு செல்ஃபி எடுத்தேன்.

மலைச்சரிவில் ஒரு பெரிய மாளிகை இருந்ததே, அது யாருடையது?


கரித்துண்டு | திங்கள் இரவு 10:31

ஆசா பேக்கர். கனெக்டிகட்டிலிருந்து வந்த தச்சர். 1833-ல் மாக் சங்க்கில் கால்வாய்ப் படகு ஓட்ட வந்தவர், அதே கால்வாயைக் கவிழ்த்த லீஹை வேலி ரயில்வேயைக் கட்டியவரும் அவர்தான். 1865-ல் ஐந்து லட்சம் டாலர் கொடுத்து இதே மாநிலத்து பெத்லஹேமில் லீஹை பல்கலைக்கழகம் தொடங்கினார். வீடு 1861-ல் கட்டியது. மகள் 1912-ல் சாகும்போது தட்டுமுட்டுச் சாமானோடு வீட்டை ஊருக்கே எழுதி வைத்தார். ஊர் என்ன செய்தது? பூட்டிப் போட்டது. 1956-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும் துக்கமும் வரும். ஓக்லஹோமாக்காரரின் உடலைத் தேடிப் போனபோது, மேசை நாற்காலி உட்பட அப்படியே ஒரு கோடீஸ்வரர் வீடு நாற்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. இன்றைக்கு அந்த ஊருக்கு அக்டோபரில் ஜனம் வருவது சமாதியைப் பார்க்கவா? நீங்களே சொல்லுங்கள், உங்களுக்குச் சமாதி இருப்பது திரும்பும் வழியில்தானே தெரிந்தது. பழைய வீடு, பழைய ரயில் நிலையம், ஆறு, மலை. காசில்லாததால் 1950-களில் எதையும் இடித்துப் புதிதாகக் கட்ட முடியவில்லை. அந்த ஏழ்மைதான் இப்போது சோறு போடுகிறது.


கடுகு | செவ்வாய் காலை 7:45

இன்னொன்றும் யாரும் சொல்லலை, நானே சொல்றேன். அந்த நிலம் யாருடையது? 1737-ல், பென்சில்வேனியாவை நிறுவின வில்லியம் பென்னின் பிள்ளைகள், உங்க மூதாதையர் ஒன்றரை நாள் நடை தூரத்து நிலத்தை எங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு லெனாப்பே மக்கள்கிட்ட பழைய பத்திரம் ஒன்றைக் காட்டினாங்க. அவங்க சாதாரணமா நடக்கிற நடைன்னு நினைச்சுச் சம்மதிச்சாங்க. இவங்க முன்கூட்டியே காட்டில் வழி வெட்டி வச்சு, மூணு வேக நடைக்காரங்களை இறக்கிவிட்டாங்க. ரெண்டு பேர் சுருண்டு விழுந்தாங்க. எட்வர்ட் மார்ஷல்னு ஒருத்தன் மட்டும் கிட்டத்தட்ட எழுபது மைல் போய் நின்னான். நின்ன இடம் இன்றைய ஜிம் தோர்ப் பக்கத்தில். அங்கிருந்து டெலாவேர் ஆற்றுக்கு நேர்க்கோடு போடாம, சாய்ச்சுக் கோடு போட்டு இன்னும் அள்ளிக்கிட்டாங்க. 2004-ல் லெனாப்பே வழித்தோன்றல்கள் வழக்குப் போட்டாங்க, தோத்தாங்க.

வேகமா நடந்து ஏமாத்தி வாங்கின இடத்தின் ஓரத்தில், ஒலிம்பிக்கில் ஓடி ஜெயிச்ச பழங்குடிக்காரரைக் கொண்டுவந்து வச்சிருக்காங்க.


வக்கீல்வீட்டுப்பிள்ளை | செவ்வாய் காலை 8:02

இதை நான் யோசித்ததே இல்லை.

ஒரு சேதி மட்டும்: 2022 ஜூலையில் ஒலிம்பிக் கமிட்டி 1912-இன் இரண்டு தங்கத்துக்கும் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று பதிவைத் திருத்தியது. 1980-களில் குடும்பத்துக்கு நகல் பதக்கம் கொடுத்தபோது மற்றவர்களோடு 'கூட்டு வெற்றியாளர்' என்றுதான் போட்டிருந்தார்கள். பதக்கத்தைப் பறித்ததே அவர்கள் விதிப்படி தப்பு, ஆட்சேபணையை முப்பது நாளுக்குள் சொல்லியிருக்கணும், மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வந்தது.


யாழ்ப்பாணத்தான் | செவ்வாய் மதியம் 12:20

சனம் இப்ப ஊரை எப்பிடிக் கூப்பிடுகினம்? பழைய பேரே அடிபட்டுப் போச்சோ?


கரித்துண்டு | செவ்வாய் மாலை 5:55

எங்கே போகும்? ஓடை மாக் சங்க் ஓடை. ஏரி மாக் சங்க் ஏரி. நாடக அரங்கு மாக் சங்க் ஆப்பரா ஹவுஸ், 1881-ல் கட்டியது. ரயில் பிரியர் ஒருத்தர்கூட அந்தச் சவாரி ரயிலை ஜிம் தோர்ப் ஸ்விட்ச்பேக் என்று சொல்லிக் கேட்டதில்லை. போன வருஷம் ஒரு கடையில் வயதானவர் ஒருத்தரிடம் வழி கேட்டேன். "சங்க் உள்ளேயா, ஆற்றுக்கு அந்தப் பக்கமா?" என்றார்.


ஊர்சுற்றி | செவ்வாய் இரவு 9:48

எல்லாருக்கும் நன்றி. பையனிடம் முழுக்கச் சொன்னேன். பாட்ஸ்வில், தூக்குமரம் எல்லாம் விட்டுவிட்டேன். அவனுக்குப் பிடித்தது கழுதை மட்டும்தான். பள்ளியில் போய் வரையப் போகிறானாம்.

அடுத்த வருஷம் மறுபடி போகணும், இந்தத் தடவை வரிசையாகப் பார்க்கணும். எந்தத் தேதியில் போனால் நெரிசல் குறைவு?


தண்டவாளம் | செவ்வாய் இரவு 10:10

நவம்பர் கடைசியில் போங்க. இலை மொத்தமா கொட்டியிருக்கும். மரம் மொட்டையா நிக்கும்போதுதான் பிஸ்கா மலைச் சரிவில் பழைய தண்டவாளப் பாதை போன கோடு தெரியும். கரடியும் அப்பதான் தெரியும், வேனிலில் பார்த்தா வெறும் பச்சைக் குன்று.


நெல்லிக்காய் | செவ்வாய் இரவு 10:14

இலை பார்க்கணும்னு மூன்று வாரம் நச்சரிச்சவங்களை இலை கொட்டின பிறகு கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க. ஊர்சுற்றி அண்ணா வீட்டுக்குள்ளே விடுவாங்களா பாருங்க.